கேள்வி நேரம்: மெழுகில் பதிந்த டிஎன்ஏ

கேள்வி: புற்றுநோய் மரபியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறேன். பாரஃபினில் பதித்த கட்டித் திசுவிலிருந்து டிஎன்ஏ எடுத்தால் 260/280 விகிதம் (260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல்களின் விகிதம்) 1.8 வருகிறது. ஆனாலும் 500 கார இணை நீளத் துண்டு பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருகவில்லை. ஏன்?

பதில்: 1.8 என்பது புரதக் கலப்பு குறைவு என்பதை மட்டுமே காட்டும். டிஎன்ஏ முழுசாக இருக்கிறதா என்று சொல்லாது. மெழுகில் பதிக்கும் முன் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் அதைத் துண்டாக்குகிறது, புரதத்தோடும் பிணைத்துவிடுகிறது. பிரைமர்களை (பெருக்கும் துண்டின் இரு முனைகளைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ இழைகள்) மாற்றி, துண்டை 100–150 கார இணைக்குள் அடக்குங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

10 மைக்ரான் சீவல்கள் எடுக்கும்போது காற்றுப்பட்ட முதல் சிலவற்றை எறிந்துவிடுங்கள். மெழுகைக் கரைத்து நீக்கிய சைலீனை எத்தனாலால் நன்றாகக் கழுவி, உலரவிடுங்கள். பிறகு புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே, 56 டிகிரியில், திசு கரையும்வரை. பிறகு 90 டிகிரியில் ஒரு மணி நேரம். அந்தச் சூடுதான் பிணைப்பை அவிழ்க்கும். அவசரத்தில் கைவிடப்படுவதும் அதுதான்! அளவை ஒளிர்சாய முறையில் பாருங்கள். ஒளி உறிஞ்சல் கருவி ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணிவிடும்.

இன்னொன்று: வரிசையில் சி (சைட்டோசின்) இருந்த இடத்தில் டி (தைமின்) தெரிந்தால் உடனே சடுதிமாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். ஃபார்மலின் சைட்டோசினை யுராசிலாக்கும்; பிசிஆர் அதை டி என்றே படிக்கும். பிசிஆருக்கு முன் அந்த யுராசிலை நீக்கும் நொதியான யுராசில் டிஎன்ஏ கிளைக்கோசிலேஸ் சேர்த்து, தனிக் குழாயில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.