புலம்பெயர்வு, நிலம், தண்ணி: கேள்வி பதில்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வலிகாமத்தில புவியியல் படிப்பிச்சு ஓய்வுபெற்றனான். ஆக்கள் ஊர்விட்டுப் போறதும் ஊர் நிலைச்சு நிக்கிறதும் பற்றிக் கேளுங்கோ.

ஸ்காபரோவிலிருந்து: ஐயா, அம்மாவின்ர வளவில வீடு கட்டுறம். குழாய்க்கிணறு அடிக்கலாமோ?

அடிக்காதேங்கோ தம்பி. குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. வழுக்கியாறும் மாரியிலதான் ஓடும். காலங்காலமாக் குடிச்சது சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கின மழைத்தண்ணியை. அது உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது. கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நன்னீர் நிண்டால், கீழ ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மேல ஒரு அடி குறைஞ்சால் கீழயிருந்து உப்பு அந்த 40 அடியும் ஏறப் பாக்கும். துலா எண்ட ஏற்றம் மிதிச்ச காலத்தில ஆள் களைச்சால் இறைப்பு நிண்டுது; மோட்டர் நிக்காது. ஆழத் துளைச்சு இழுத்தால் பக்கத்து வளவுக் கிணறும் சேர்ந்து உவராகும். இருக்கிற கிணத்தைக் கலக்கி இறைச்சு, கூரைத்தண்ணியைக் குழி வெட்டி நிலத்துக்குள்ள இறக்குங்கோ.

பாரிஸ்: காசு அனுப்ப எந்த வழி மலிவு?

அது வங்கியில கேக்கவேணும். அனுப்புகூலியை 2030க்குள்ள 3 வீதத்துக்குக் கீழ கொண்டுவரச் சொல்லுறது ஐ.நா.வின்ர 10ஆவது நிலைபேறான அபிவிருத்தி இலக்கு.

சங்கானை மாணவி: சேர், புலம்பெயர்வு அபிவிருத்திக்கு நல்லதோ கூடாதோ?

பிள்ளை, ஏன் போனவை எண்டு முதல்ல பிரிச்சு எழுதுங்கோ. மலாயாவுக்கு ரயில்வேயிலும் கந்தோரிலும் வேலைக்குப் போனவை விரும்பிப் போனவை. கனபேர் பென்சனோட திரும்பிச்சினம். 1983 கலவரத்துக்குப் பிறகு போனவை உயிர் தப்பப் போனவை. 1990 ஒக்ரோபரில யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில வெளியேற்றப்பட்டவை. 1995 ஒக்ரோபர் 30 போரால வலிகாமமே எழும்பி நடந்தது, நானும் நடந்தனான். இதுகளை ஒரே சொல்லில கட்டி நல்லதோ கூடாதோ எண்டு கேக்கிறது பிழை. 1981இல சனத்தொகை 7 இலட்சத்தைத் தாண்டியிருந்த யாழ்ப்பாண மாவட்டம், 2012 கணக்கெடுப்பில 5 இலட்சத்து 83 ஆயிரம். வந்த காசோட, போன கைகளையும் கணக்கில எடுங்கோ.

இணுவில்: குழாய்க்கிணறு எத்தினை அடி போகலாம்?

மேல சொல்லியாச்சு.

சுன்னாகம்: போனவை மதில் கட்டுகினம், திருவிழாவுக்கு வந்து போகினம். எங்கட தண்ணியைப் பற்றிக் கதைக்க அவைக்கு என்ன உரிமை?

ஒஸ்லோ: அண்ணை, எங்கட காசிலதானே கோயிலும் பள்ளிக்கூடமும் நிக்குது?

ரெண்டுபேரும் பொறுங்கோ. சுன்னாகத்தார், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கொட்டுற யூரியாதான் நைத்திரேற்றாக் கிணத்தில நிக்குது. அதைக் கொட்டினது ஒஸ்லோக்காரர் இல்லை. ஒஸ்லோத் தம்பி, கோபுரத்துக்குக் குடுக்கிற காசில ஒரு பங்கு கோயில் கேணிக்கும் ஊர்க் குளத்துக்கும் வரட்டும்.

சுன்னாகம்: காசுள்ளவை முடிவெடுக்கினம், அதுதான் என்ர கோபம்.

அந்தக் கோபம் நியாயம். காணி விக்கேக்க பங்காளருக்கு முதல் உரிமை குடுக்கிறது எங்கட வழமைச் சட்டமான தேசவழமை. பங்குக் கிணத்தில முறை வைச்சு இறைச்சவை நாங்கள். காசு வெளியிலயிருந்து வரட்டும். எந்தக் குளத்தை முதல் ஆழமாக்கிறது எண்டதை அதில இறைக்கிற கமக்காரர் சொல்லட்டும்.

லண்டன்: பிரிட்டிஷ் பாஸ்போட்டில காணி வாங்கலாமோ?

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுறதைக் கட்டுப்படுத்துது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் வேற கதை. காணி உறுதி எழுதுற நொத்தாரிசைப் பாருங்கோ.

ஸ்காபரோ: ஐயா, ஆழமாப் போனால் நல்ல தண்ணி எண்டு துளைக்கிறவர் சொல்லுறார்...

மூண்டாந்தரம் சொல்லுறன், அடிக்காதேங்கோ. அவர் கூலியோட போயிடுவார், உவர்த்தண்ணியோட இருக்கப்போறது அம்மா. மாரிக்கு முதல் கிணத்தை இறைப்பியுங்கோ.