பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 66, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். புரோஸ்டேட் வீக்கத்துக்காகப் பினாங்குத் தீவில் உள்ள ஒரு மருத்துவமனையின் சிறுநீரியல் கிளினிக்கில் காட்டி, எட்டு மாதமாக டாம்சுலோசின், டூடாஸ்டெரைடு இரண்டும் சாப்பிடுகிறேன். போன வாரம் மறுபரிசோதனை. மூன்று மணி நேரம் காத்திருந்தேன். டாக்டர் பார்த்தது ஐந்து நிமிஷம். ஒரு மெஷினில் சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள். கொஞ்சம்தான் வந்தது, ‘போதாது’ என்றார்கள். 6.1 இருந்த பிஎஸ்ஏ இப்போது 3.2. ‘சம்போங் உபாட்’ (மருந்தைத் தொடருங்கள்) என்று சொல்லி ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார். அதுதான் பாதியாகக் குறைந்துவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை? தீவுக்குப் போகும் பாலத்தில் ஜாமில் மாட்டினால் அடக்க முடியாதே என்ற பயம் வேறு.

பதில்: நிறுத்த வேண்டாம் ஐயா. அந்த 3.2-ஐப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அது மருந்து போட்ட கணக்கு.

பிஎஸ்ஏ என்பது புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். டூடாஸ்டெரைடு அந்தச் சுரப்பியை வளரவைக்கும் ஹார்மோனைக் கட்டுப்படுத்துகிறது. சுரப்பி மெல்லச் சுருங்குகிறது, பிஎஸ்ஏயும் இறங்குகிறது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் பாதிக்கு வந்துவிடும். அதனால்தான் இந்த மருந்து சாப்பிடுபவரின் பிஎஸ்ஏயை நாங்கள் மனசுக்குள் இரண்டால் பெருக்கிப் பார்ப்போம். உங்களுடையது 6.4. முன்பு 6.1. அதாவது, பழைய இடத்திலேயே இருக்கிறீர்கள். அவ்வளவு சின்ன வித்தியாசம் ஒரே ஆளுக்கு இரண்டு நாள் ரத்தம் எடுத்தாலே வரும். உங்கள் டாக்டர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ‘தொடருங்கள்’ என்றிருப்பார். அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதம் எழுதியிருக்கவே மாட்டீர்கள். எங்கள் ஆட்கள் செய்யும் தப்பு அது.

என் கவலை எல்லாம் அடுத்த ரிசல்ட்டைப் பற்றித்தான். 3.2 என்பது இப்போது உங்கள் அடிமட்டம். அடுத்த தடவை 3.9 வருகிறது என்று வையுங்கள். லேப் பேப்பரில் 4-ஐத் தாண்டினால்தான் பெரும்பாலும் குறி போடுவார்கள், 3.9-க்கு ஒன்றும் இருக்காது, ‘நார்மல்’ என்றுதான் படிப்பீர்கள். ஆனால் இந்த மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டே எண் ஏறினால், அது நார்மல் இல்லை. திரும்ப ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும், அப்போதும் ஏற்றம் இருந்தால் புற்றுநோய் உண்டா என்று தேட வேண்டும். கோலாலம்பூரில் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் ‘ஃபுல் செக்கப் பேக்கேஜ்’ எடுத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பி வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். எங்கே ரத்தம் கொடுத்தாலும் டூடாஸ்டெரைடு சாப்பிடுவதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிஎஸ்ஏ எண்ணையும் தேதியோடு அப்பாயின்மெண்ட் கார்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்யமும் சைக்கிளும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரமாவது தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் எண் பொய்யாக ஏறி நிற்கும்.

‘பத்து நாள் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சிலர் சொல்வார்கள். டூடாஸ்டெரைடு உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து வாரம் பிடிக்கும். அதனால் நிறுத்தியது உடனே தெரியாது. சில மாதத்தில் சுரப்பி பழையபடி வீங்கும். டாம்சுலோசின் அப்படி இல்லை, இரண்டு மூன்று நாளில் வேலை போய்விடும். அதைச் சில நாள் விட்டுத் திரும்பத் தொடங்கினால், படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றலாம். உட்கார்ந்து மெல்ல எழுந்திருங்கள்.

சரி, அந்த மெஷின். ஒரு புனல், அடியில் அளக்கும் கருவி, அவ்வளவுதான். நொடிக்கு எத்தனை மில்லி வருகிறது என்று கோடு வரைகிறது. பத்துக்குக் கீழே போனால் அடைப்பு இருக்கலாம், பதினைந்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் நல்ல ஓட்டம். ஆனால் குறைந்தது 150 மில்லி வந்தால்தான் அந்தக் கோட்டை நம்பலாம். உங்களுக்கு ஏன் வரவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்: பாலத்தில் மாட்டிக்கொள்வோம் என்று காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து வருபவர்கள் பலர் இப்படித்தான் வறண்டு வந்து சேர்கிறார்கள். அடுத்த முறை பயப்படாமல் வந்து, பதிவு செய்தபின் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று கிளாஸ் மெதுவாகக் குடியுங்கள். அவசரப்பட்டு ஒரு லிட்டரை ஊற்றிக்கொண்டு வயிறு வெடிக்கிற மாதிரி போனாலும் ஓட்டம் கெட்டுவிடும். வழக்கமாகப் போகும் அளவுக்கு முட்டும்போது தாதியிடம் சொல்லுங்கள். வெளியே ஆள் நிற்கும்போது வராது என்றால் அதையும் சொல்லுங்கள், வெட்கம் ஒன்றுமில்லை. நானே ஒருநாள் அந்தப் புனல் முன்னால் நின்று பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்ட பிறகுதான் வந்தது.

முடித்ததும் அடிவயிற்றில் ஜெல் தடவி, மிச்சம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று ஸ்கேன் பார்ப்பார்கள். அதற்குள் கேண்டீன் பக்கம் போய்விடாதீர்கள். சிறுநீர்ப்பை திரும்ப நிரம்பிவிட்டால் மிச்சக் கணக்கு தப்பாகிவிடும்.

ஐந்து நிமிஷத்தைப் பற்றி. ‘கென்சிங் லஞ்சார்?’ (சிறுநீர் தாராளமாகப் போகிறதா?) என்று கேட்டால் நம் ஆட்கள் ‘லஞ்சார், லஞ்சார்’ என்று தலையாட்டிவிட்டு, காரில் ஏறியதும் மனைவியிடம் புலம்புவார்கள். இரவில் மூன்று முறை எழுவது அந்தத் தலையாட்டலில் எங்கே வரும்? போவதற்கு முன் மூன்று நாள், ஒரு பழைய அளவுக் குவளையில் பிடித்து, எத்தனை மணிக்கு எவ்வளவு, என்ன குடித்தீர்கள் என்று எழுதிக் கொண்டுபோங்கள். பகலில் ஒழுங்காகப் போய், ஒரு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் மட்டும் வந்தால், குற்றவாளி புரோஸ்டேட்டாக இல்லாமல் இருக்கலாம். ராத்திரி மாமாக் கடையில் குடித்த தே தாரிக், கால் வீக்கம், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), சில இனிப்பு நீர் மருந்துகள் எல்லாமே காரணமாகலாம். அப்படியிருக்க, புரோஸ்டேட் மாத்திரையைக் கூட்டி என்ன பயன்?

இன்னும் இரண்டு. சளி பிடித்தால் கடையில் சூடோஎஃபெட்ரின், குளோர்ஃபெனிரமின் கலந்த மருந்தைக் கேட்காமல் வாங்காதீர்கள், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண்புரை ஆபரேஷன் வந்தால் டாம்சுலோசின் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொட்டுக்கூட வராமல் வயிறு கல் மாதிரி ஆனாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரில் ரத்தக் கட்டி வந்தாலோ ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே எமர்ஜென்சி.

அப்புறம் பாலம். காரில் ஒரு போத்தல் வைத்துக்கொள்ளுங்கள், வாய் அகன்றதாக. மகன் ஓட்டட்டும், நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள்.