மார்க் வந்துவிட்டது, காலண்டர் எங்கே?

கேள்வி: என் மகன் சி.பி.எஸ்.இ. பள்ளியில் 9ஆம் வகுப்பு படிக்கிறான். டிசம்பரில் பள்ளியின் சமூக சேவைத் திட்டத்துக்காக ஒரு முதியோர் இல்லத்துக்கு மூன்று சனிக்கிழமைகள் போய்வந்தான். அறிக்கை, ஆல்பம் எல்லாம் நானும் கூட உட்கார்ந்து இரவு கண்விழித்துச் செய்துகொடுத்தேன். முழு மதிப்பெண் வந்தது. அங்கே ஒரு பெரியவரோடு நன்றாகப் பழகினான். புது வருடத்துக்குத் தினசரி காலண்டர் கொண்டுவருவதாக அவரிடம் சொல்லிவிட்டு வந்தானாம். திட்டம்தான் முடிந்துவிட்டதே, மார்க்கும் வந்துவிட்டதே, இனி எதற்கு என்று நாங்கள் அனுப்பவில்லை. அதெல்லாம் போகட்டும். சென்ற வாரம் மேல்வீட்டுப் பாட்டியின் ரேஷன் பையை மாடிக்குத் தூக்கிக்கொடு என்றேன். "இதற்கு மார்க் உண்டா?" என்று கேட்கிறான். பதறிப்போனேன். இத்தனை செய்தும் பிள்ளைக்கு இரக்கம் வரவில்லையே! கோடை விடுமுறையில் எந்தச் சேவை முகாமில் சேர்த்தால் மனம் இளகும்? அதற்குத் தரும் சான்றிதழ் மேல்படிப்புக்கு உதவுமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: எதை அம்மா போகட்டும் என்கிறீர்கள்? கடிதம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் காலண்டர் ஒன்றுதான். அதை நீங்கள் இரண்டு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

உங்கள் பிள்ளைக்கு இரக்கம் வரவில்லை என்று யார் சொன்னது? முன்பின் தெரியாத ஒரு முதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறான். இல்லங்களுக்குப் போகிறவர்கள் வாழைப்பழமும் பிஸ்கட்டும் போர்வையும் கொடுப்பார்கள். காலண்டர் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. நம் வீடுகளில் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது பெரியவர்களின் வேலை. காலையில் பல் தேய்த்ததும் தாளைக் கிழித்து, ராகு காலம் எப்போது, அமாவாசை என்றைக்கு, பேத்தியின் ராசிக்குச் சந்திராஷ்டமம் உண்டா என்று பார்த்து வீட்டுக்கே அறிவிப்பார்கள். எல்லா நாளும் ஒன்றுபோல் விடிந்து அடைகிற ஓர் இடத்தில், இன்று என்ன கிழமை என்று அடுத்தவரைக் கேட்காமல் தெரிந்துகொள்ள அந்த மனிதர் ஆசைப்பட்டிருக்கிறார். அது உங்கள் மகனுக்குப் புரிந்திருக்கிறது. பதினான்கு வயதில் இதைவிடப் பெரிதாக என்ன இரக்கத்தை எதிர்பார்க்கிறீர்கள்?

அதோடு நிற்கவில்லை, வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறான். எதற்குச் சொன்னான்? வாங்கித் தருவீர்கள், கூட்டிப்போவீர்கள் என்ற நம்பிக்கையில். வாங்கவே வேண்டாம். டிசம்பர் கடைசியில் மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் சும்மா கொடுக்கிற பொருள் அது. உங்கள் வீட்டுப் பரணிலேயே ஒன்று சுருட்டியபடி கிடந்தாலும் ஆச்சரியமில்லை.

நீங்கள் அவனுக்குச் சொன்ன பதில், மார்க் வந்துவிட்டது, இனி எதற்கு என்பது. அவன் கெட்டிக்காரன், ஒரே தடவையில் கற்றுக்கொண்டான். மேல்வீட்டுப் பாட்டியின் பை எதிரே வந்ததும் நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே ஒப்பித்தான். "இதற்கு மார்க் உண்டா?" என்பது டிசம்பரில் நீங்களும் உங்கள் கணவரும் அவன் வாயில் போட்டு அனுப்பிய கேள்வி. இப்போது அது திரும்பி வரும்போது மட்டும் பதறுகிறீர்கள்.

பள்ளியையும் நான் விட்டுவிடப் போவதில்லை. 2018-19 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு உடற்கல்வி, சுகாதாரப் பாடத்தோடு 'சேவா' என்று இதைச் சேர்த்தது. மாணவனே ஒரு பணியைத் தேர்ந்தெடுத்து, செய்து, அதில் தான் என்ன கற்றான் என்று எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. தாளில் படித்தால் குறை சொல்ல முடியாது. நடைமுறையில் பல வீடுகளில் அது அம்மாவின் கைவேலையாகிவிட்டது. ஜிகினா பார்டர், முகப்பில் வள்ளலார் படம், உள்ளே பழத்தட்டைப் பிடித்தபடி வரிசையாக முதியவர்கள். அந்தப் பெரியவரின் படமும் உங்கள் ஆல்பத்தில் இருக்கும். ஒட்டலாமா என்று அவரை யாராவது கேட்டீர்களா? சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

பழைய ஏற்பாடு ஒன்று இதைவிட விவரமாக இருந்தது. காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கினார்கள். பிறகு அது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. நீங்களோ உங்கள் அண்ணன் தம்பியோ என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போயிருப்பீர்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்று அதிலும் கணக்கு உண்டு. ஆனால் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து, அதே கிராமத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்று வைத்தார்கள். முதல் தடவை போகிறவன் வேடிக்கை பார்ப்பான். மறுபடி போகும்போதுதான் அங்கே நாலு பேருக்கு அவன் பெயர் தெரியும், போன தடவை நட்ட கன்றுக்கு யாராவது தண்ணீர் ஊற்றினார்களா என்று கேட்கத் தோன்றும். உங்கள் மகன் யாரும் சொல்லாமலே மறுபடி போகத் தயாராக இருந்தான். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள்.

அந்தப் பெரியவர் பக்கத்திலிருந்தும் ஒரு நிமிடம் யோசியுங்கள். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களில் எத்தனையோ பேர், "அடுத்த மாதம் வருகிறேன் அப்பா" என்று பெற்ற பிள்ளைகளே சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டவர்கள். பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து மாதாமாதம் ஒரு தொகை பெறலாம் என்று 2007இல் நாடாளுமன்றம் சட்டமே போட வேண்டியிருந்தது. சட்டம் பணத்தை வாங்கித் தரும், ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பிள்ளைக்கு உத்தரவு போடாது. வேறு வழியிருந்தும் பெற்றோரை இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. இதை இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் திட்டி நாலு கடிதம் வருகிறது, வரட்டும். ஏற்கெனவே ஏமாந்த ஒருவரிடம் உங்கள் வீட்டுப் பையனும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்கிறான். அவன் நல்லவன்தான். வளர்த்தவர்கள் அவனைப் பொய்யனாக்கிவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் அவனுடைய சொந்தத் தாத்தா, பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதையும் பார்த்தேன். காரணம் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மகனை உட்காரவைத்து, "உன்னைப் போகவிடாமல் தடுத்தது எங்கள் தப்பு" என்று நீங்களும் அவன் அப்பாவும் சொல்லுங்கள். பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிற பெற்றோர் நிறைய. நாங்கள் சொன்னதால்தான் நீ சொன்ன சொல் தவறினாய் என்று அவனிடம் ஒப்புக்கொள்ளாமல், சொல் தவறாதே என்று அவனுக்கு எந்த முகத்தோடு புத்தி சொல்வீர்கள்?

பிறகு இல்லத்துக்குப் போன் செய்து, பார்க்க வரும் நேரத்தைக் கேளுங்கள். போனை அவனே செய்யட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமையே போங்கள். முழுப் பரீட்சை நெருங்குகிறது என்பீர்கள். மூன்று மணி நேரம் படிக்காவிட்டால் மூழ்கிப்போகிற பரீட்சை என்றால், ஏற்கெனவே அது மூழ்கிவிட்டது என்று பொருள். காரை எடுக்காமல் பஸ்ஸில் போங்கள். பெரியார் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டியிருந்தால் மாறுங்கள். ஒருவரைப் பார்க்கப் போவதற்குக் கொஞ்சம் அலைச்சல் உண்டு என்பதும் அவனுக்குத் தெரியட்டும்.

காலண்டரில் கழிந்துபோன நாட்களின் தாள்களைக் கிழித்துச் சரிசெய்து கொண்டுபோகாதீர்கள். இருக்கிறபடியே கொடுத்து, "தாமதமாகிவிட்டது தாத்தா, மன்னியுங்கள்" என்று அவன் வாயால் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பரீட்சை, டியூஷன் என்று விளக்கம் சொல்ல வேண்டாம். கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்கவும் வேண்டாம்.

அவர் அங்கே இல்லாமலும் இருக்கலாம். வேறு ஊருக்கு அழைத்துப் போயிருப்பார்கள், மருத்துவமனையில் இருப்பார், இறந்தும் போயிருக்கலாம். அப்படி நேர்ந்தால் பையனிடம் மறைக்காதீர்கள், பேச்சை மாற்றி ஐஸ்கிரீம் வாங்கித் தராதீர்கள். அழுதால் அழட்டும். காலண்டரை அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அவரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வரட்டும்.

நல்லபடியாகப் பார்த்துவிட்டால், புறப்படும்போது முடியாத வாக்கைக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறைதான் முடியும் என்றால் மாதம் ஒருமுறை என்று சொல்லட்டும். சொன்னபிறகு அந்த நாளில் உறவினர் கல்யாணம் வந்தாலும் நீங்கள் மட்டும் கல்யாணத்துக்குப் போங்கள்.

மேல்வீட்டுப் பாட்டியின் பை விஷயம் சின்னது. மறுபடி மார்க் உண்டா என்று கேட்டால் அறிவுரை எதுவும் வேண்டாம். "கிடையாது, தூக்கு" என்று சொல்லுங்கள். அவன் தூக்குவான்.

கோடை முகாம், சான்றிதழ், மேல்படிப்பு என்று கேட்டிருந்தீர்கள். அதற்கெல்லாம் இப்போது பதில் எழுத எனக்கு மனமில்லை.