வில்லுக்கு ஒரு சட்டம், துப்பாக்கிக்கு ஒரு சட்டம்

கேள்வி: ஆப்பிரிக்கச் சவன்னாப் புல்வெளிகளில் காட்டு விலங்குகள் வேகமாக அருகி வருகின்றன. இந்த நிலையில், பழங்குடியினர் என்ற ஒரே காரணத்துக்காகச் சிலரை வேட்டையாட விட வேண்டும் என்று உங்கள் இதழ் எழுதுவது என்ன நியாயம்? சட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருக்க வேண்டும்? அவர்களும் இப்போது துப்பாக்கி, வண்டி என்று மாறிவிட்டார்கள். இதில் பாரம்பரியம் எங்கே இருக்கிறது? வேறு பிழைப்பைக் கொடுத்து வெளியே குடியமர்த்தினால் மனிதரும் வாழலாம், விலங்கும் வாழலாமே?
– வாசகர் ஒருவர்

பதில்: சட்டம் எல்லோருக்கும் பொது என்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே இருக்கும் போட்ஸ்வானாவில் அது எந்த அளவுக்குப் பொதுவாக இருந்தது என்று பார்ப்போம். 2014 ஜனவரியில் அந்நாட்டு அரசு வேட்டைக்குத் தடை விதித்தது. விலங்குகளின் எண்ணிக்கை சரிந்துவிட்டது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஆனால் பதிவுபெற்ற தனியார் வேட்டைப் பண்ணைகளுக்கு அந்தத் தடை கிடையாது. விமானம் ஏறி வந்து, பணம் கட்டி, வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக ஒரு தலையைக் கொண்டுபோகிறவருக்குக் கதவு திறந்தே இருந்தது. அதே நாட்டின் கலஹாரிப் பாலைநிலத்தில் அடுப்பில் வைப்பதற்காக ஒரு மானைக் கொன்ற, அந்த மண்ணின் பழங்குடியான சான் இனத்தவர் குற்றவாளி ஆனார். 2019இல் தடையை நீக்கினார்கள். மறு ஆண்டே யானை வேட்டைக்கான உரிமங்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலம் கேட்கும் வசதி யாருக்கு இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. சுமார் 52,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காப்பகத்தை 1961இல் பிரிட்டிஷ் நிர்வாகம் அறிவித்தபோது, விலங்குகளைக் காப்பது மட்டும் அதன் நோக்கமாக இருக்கவில்லை. அங்கே வேட்டையாடியும் கிழங்கு, காய்களைச் சேகரித்தும் வாழ்ந்த சான் மக்களுக்கு அவர்களுடைய நிலத்தையும் வாழ்க்கையையும் உறுதி செய்வதும் நோக்கம். காட்டில் மனிதர்கள் புகுந்துவிட்டார்கள் என்று நாம் வழக்கமாகப் பேசும் பேச்சு இங்கே செல்லாது. அந்த மனிதர்களையும் கருதித்தான் காப்பகமே வரையப்பட்டது.

1979இல் சிறப்பு வேட்டை உரிமம் என்ற ஏற்பாடும் வந்தது. எந்த விலங்கு, எத்தனை என்று கணக்குக் குறித்துத் தரப்பட்ட உரிமம் அது. அதாவது உங்களைப் போன்றவர்கள் விரும்பும் கட்டுப்பாடு ஏற்கெனவே இருந்தது. பின்னர் என்ன நடந்தது? 1997இலும் 2002இலும் மக்களை லாரிகளில் ஏற்றி வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். 2002இல் காப்பகத்துக்குள் அரசு தந்துவந்த வசதிகளை நிறுத்தி, ஆழ்துளைக் கிணற்றையும் மூடினார்கள். வேட்டை உரிமமும் நின்றது. சான் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006 டிசம்பர் 13 அன்று போட்ஸ்வானா உயர் நீதிமன்றம், உரிமம் தர மறுத்தது சட்டத்துக்கு விரோதமானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. தீர்ப்பு வந்தது, உரிமம் வரவில்லை. தண்ணீருக்காக அவர்கள் மறுபடி நீதிமன்றப் படியேறி, 2011இல்தான் மேல்முறையீட்டில் அந்த உரிமையைப் பெற்றார்கள். அதற்குள், அதே காப்பகத்துக்குள், நீச்சல்குளத்துடன் ஒரு சுற்றுலா விடுதி திறக்கப்பட்டிருந்தது. வேட்டைத் தடை வந்த 2014இல் காப்பகத்துக்குள்ளேயே கோப்பே என்ற இடத்தில் வைரச் சுரங்கமும் திறக்கப்பட்டது. விலங்குகளின் நிம்மதியைக் கெடுப்பது வில்லும் அம்பும்தான் என்று நம்ப, இதற்குப் பிறகும் தனித் துணிச்சல் வேண்டும்.

அப்படியானால் விலங்குகள் ஏன் குறைந்தன? கலஹாரியைப் பொறுத்தவரை, மாட்டிறைச்சி வணிகத்தின் வேலிகளை முதலில் சொல்ல வேண்டும். கோமாரி நோய் ஏற்றுமதி மாடுகளுக்குப் பரவக் கூடாது என்பதற்காக 1950களிலிருந்து அங்கே வேலிகள் எழுந்தன. காப்பகத்தின் வட எல்லையில் ஓடும் கூக்கே வேலி 1958இல் வந்தது. மழை பொய்த்தால் தண்ணீரைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடப்பது வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இன விலங்கு மந்தைகளின் வழக்கம். அந்த வழி அடைபட்டது. வேலி ஓரமாகவே நடந்து போய்ச் சேர்ந்த நீர்நிலைகளைச் சுற்றிலும் மாட்டுப் பட்டிகள் இருந்தன. 1960களின் வறட்சியிலும், மீண்டும் 1980களின் வறட்சியிலும் பல்லாயிரக்கணக்கில் அவை தாகத்தாலும் பசியாலும் செத்து விழுந்தன. ஓர் அம்பு கூடப் பாயாமல் நடந்த சாவு இது. இதற்காக யாரும் கைதானதாக நான் படித்ததில்லை.

கென்யாவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1977இல் அங்கே வேட்டை முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. அதற்குப் பின் வந்த சுமார் 40 ஆண்டுகளில் அந்நாட்டு மேய்ச்சல் நிலங்களின் பெரிய காட்டு விலங்குகள் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. தடையால் குறைந்தன என்று நான் சொல்லவில்லை. தடை மட்டும் போதவில்லை என்கிறேன். வேலியும் குடியிருப்பும் பெருகும் ஆட்டு மந்தையும் எந்தத் தடைச் சட்டத்துக்கும் கட்டுப்படவில்லை.

இனி, பாரம்பரியம் எங்கே என்ற உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்; ஆனால் அதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள் மட்டும் பழைய காலத்திலேயே நிற்க வேண்டும் என்று நினைப்பவர்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கே, கார்ப்பென்டேரியா வளைகுடாப் பகுதியில், 1994இல் ஒரு பூர்வகுடித் தலைவர் இரண்டு இளம் முதலைகளைப் பிடித்தார். கையில் பாரம்பரிய எறியீட்டி. ஏறிப் போனது மோட்டார் படகு. உரிமம் இல்லாததால் வழக்கு. 1999இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மாநிலத்தின் வனவிலங்குச் சட்டம் அவருடைய பூர்வீக உரிமையை அழித்துவிடவில்லை என்றது. மோட்டார் வைத்திருந்ததால் அந்த உரிமை கரைந்துபோகவில்லை.

அதற்காக எல்லா வேட்டைக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். குதிரையும் நாயும் துப்பாக்கியும் வந்தபின் ஒருவர் கொல்லக்கூடிய எண்ணிக்கை பல மடங்காகிறது என்பது உண்மை. சுருக்குக் கம்பிகளை வரிசையாகக் கட்டி, விழுந்ததை எல்லாம் நகரச் சந்தைக்கு ஏற்றுகிறவர் எந்த இனத்தவராக இருந்தாலும் வியாபாரிதான். பழங்குடியினர் எல்லோரும் இயற்கையின் காவலர்கள் என்ற துதிப்பாட்டும் எனக்கு ஒவ்வாது. அவர்கள் மகான்களாக இருந்தால்தான் உரிமை உண்டு என்றால், நம்மில் யாருக்கும் எந்த உரிமையும் மிஞ்சாது. எவ்வளவு, எதற்கு, அதை யார் தீர்மானிப்பது என்று கேளுங்கள். அங்கேதான் விவாதம் தொடங்க வேண்டும்.

இதற்குப் பதில் சொல்லும் இடம் ஒன்று போட்ஸ்வானாவின் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. நமீபியாவில் 1996இல் சட்டம் திருத்தப்பட்டு, உள்ளூர் மக்களே வனவிலங்குகளை நிர்வகிக்கும் சமூகக் காப்பகங்களுக்கு வழி பிறந்தது. 1998இல் சான் மக்களில் ஜுஹோவன்சி பிரிவினரின் நையே நையே காப்பகம் பதிவானது. பரப்பு கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். அங்கே அவர்கள் தம் உணவுக்கு வேட்டையாடலாம். துப்பாக்கி கூடாது, நாய் கூடாது, குதிரை கூடாது. புதரடி மண்ணைத் தோண்டி எடுக்கும் ஒருவகை வண்டின் புழுவிலிருந்து அம்புக்கு நஞ்சு எடுக்கிறார்கள். அது மெதுவாக வேலை செய்யும் நஞ்சு. அடிபட்ட மான் விழ ஒரு நாள் கூட ஆகலாம். அதுவரை தடம் பார்த்துப் பின்னாலேயே போக வேண்டும். ஒரே நாளில் மந்தையைச் சாய்ப்பது இந்த முறையில் நடக்காத காரியம். இன்னொன்றும் உண்டு: விழுந்த விலங்கு எய்தவனுக்குச் சொந்தமில்லை, அம்பின் சொந்தக்காரருக்குச் சொந்தம். அம்புகளைத் தமக்குள் கொடுத்து வாங்குவதால், வேட்டைக்கே போகாத ஒரு மூதாட்டிகூட இறைச்சியைப் பங்கிடும் இடத்தில் இருக்க முடியும். அதே காப்பகம் தலையைச் சுவரில் மாட்டுவதற்காக வெளிநாட்டினர் ஆடும் வேட்டைக்கும் ஒப்பந்தம் போட்டுப் பணம் ஈட்டுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த முடிவில் அவர்களுக்கு இடம் இருக்கிறது. பணமும் உறுப்பினர்களுக்குப் போகிறது.

கடைசியாக, வேறு பிழைப்பு கொடுக்கலாமே என்கிறீர்கள். கொடுத்துப் பார்த்தார்கள். மத்திய கலஹாரியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குப் போட்ஸ்வானா அரசு தந்தது ஐந்து மாடுகள் அல்லது பதினைந்து ஆடுகள். வில்டபீஸ்ட்டின் வழியில் வேலி முளைத்தது எதற்காக என்று மேலே சொன்னேன் அல்லவா? அதே மாட்டைத்தான், மானைக் காப்பாற்றும் திட்டத்தின் பேரில், வேட்டைக்காரனின் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.