திரையிலிருந்து சுவருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கிராஃபிக் டிசைனர். 1992இல் சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நடக்கும் தமிழ்க் குறும்படத்தின் கலைப்பிரிவில் சேர்ந்திருக்கிறேன். கடிதம், மளிகைக்கடை பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் பொறுப்பு. படம் முடிந்ததும் அதன் ஃபிரேம்களை, அதாவது படச்சுருளின் தனித்தனிக் காட்சிப் படங்களை, பெரிதாக அச்சிட்டுக் கண்காட்சி வைக்கவும் ஆசை. அச்சு வேலை தெரிந்தவளுக்கு இரண்டும் எளிதுதானே?

வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள வாசகிக்கு,

முதலாவது எளிதுதான், பளீர் வெள்ளைத் தாளை விட்டுவிட்டால். படப்பிடிப்பு விளக்கின் கீழ் அது வெளுத்துப்போய் எழுத்தையும் விழுங்கிவிடும். மங்கிய மஞ்சள் தாள் வாங்குங்கள், அல்லது டீத்தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். நனைப்பதாக இருந்தால் லேசரில் அச்சிடுங்கள். சாதாரண இன்க்ஜெட் மை கரைந்து ஓடும். நெருக்கமான மெல்லிய கோடுகள் வேண்டாம், திரையில் அலையடிக்கும். நடிகர் கிழிக்கிற கடிதம் என்றால் ஒவ்வொரு டேக்குக்கும் (காட்சியை ஒருமுறை எடுப்பதற்கும்) ஒன்று வேண்டும். பத்துப் பிரதியாவது கையில் இருக்கட்டும்.

1992 என்பதால் தொலைபேசி எண்ணுக்கு 7 இலக்கம்தான். முன்னால் 6 சேர்ந்தது 2002இல். அஞ்சல் குறியீட்டுக்கு 4 இலக்கம். 6 ஆனது 1995இல். அரை விநாடி தெரிந்தாலும் நம் ஊர்ப் பெரியவர்கள் பிடித்துவிடுவார்கள். பத்திரிகையில் 'கொ' உடைந்து கொம்பு இடம் மாறி நின்றால் ஃபாண்டைத் திட்டாதீர்கள். இன்டிசைன் மென்பொருளில், தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கண்காட்சிதான் சிக்கல். 1920 × 1080 பிக்சல் ஃபிரேமை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் கிடைப்பது சுமார் 16 × 9 செ.மீ., ஒரு போஸ்ட்கார்டு. 4கே (3840 × 2160) என்றால் 32 × 18. சுவரில் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 டிபிஐ போதும், அப்போது 65 × 36 வரை போகலாம். ஆனால் அசைவுக் கலங்கலை எந்த டிபிஐயும் சரிசெய்யாது. விநாடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் (ஃபிரேமின் நேரத்தில் பாதிக்கு மட்டும் ஒளி விடுவது) என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 1/48 விநாடி ஒளி வாங்குகிறது. அதற்குள் கை ஆடினால் கலங்கும். கண்காட்சிக்கு வேண்டிய காட்சிகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். டேக் முடிந்ததும், விளக்கை அணைப்பதற்கு முன், நடிகரை அப்படியே நிற்கச் சொல்லி ஸ்டில் கேமராவில் எடுத்துவிடுங்கள். இதற்கு ஒளிப்பதிவாளரிடமும் உதவி இயக்குநரிடமும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

ஃபிரேமையேதான் எடுப்பீர்கள் என்றால், கிரேடிங் (நிறத் திருத்தம்) முடிந்த பிறகு, நிறத் தகவல் அதிகம் தாங்கும் 16 பிட் டிஃப் கோப்பாகக் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் உதவாது. உங்கள் தொழில் பழக்கம் இங்கேதான் இடறும்: கோப்பை அச்சகத்தின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றாதீர்கள். கலை அச்சுக்கான இன்க்ஜெட் இயந்திரங்கள் திரையின் சிவப்பு, பச்சை, நீல முறையான ஆர்ஜிபியைத்தான் எதிர்பார்க்கின்றன. மாற்றினால் நிறம் வீணாய்க் குறையும். இருட்டுப் பகுதிகள் தாளில் இன்னும் அமுங்கும் என்பதால், அதே தாளில் ஒரு கீற்று அச்சிட்டுக் கண்காட்சிக்கூட வெளிச்சத்தில் பாருங்கள்.

அச்சிட்ட படத்துக்குச் சட்டம் போடும்போது கண்ணாடி அதைத் தொடக்கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். இடையில் மவுண்ட் அட்டை (படத்தின் ஓரங்களைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், தயாரிப்பாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். ஃபிரேம் பெரும்பாலும் அவர் சொத்து. படப்பிடிப்பில் நீங்கள் எடுக்கும் ஸ்டில் யாருக்குச் சொந்தம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.