இடுப்பு மூட்டு மாற்ற ரோபோதான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 42. சின்ன வயதிலிருந்தே சாய்ந்து சாய்ந்துதான் நடப்பேன். இடது இடுப்பு மூட்டு பிறப்பிலேயே சரியாக வளரவில்லை, மாற்ற வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். கால் ஓர் அங்குலம் கட்டை. கனடாவில் இருக்கும் தம்பி, சென்னைக்குப் போய் ரோபோவில் செய்தால் பிசகே வராது என்கிறான். உண்மையா, டொக்டர்?
- வாசகி, கோண்டாவில்

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி.

மற்றவர்களுக்குச் சிரட்டை போல ஆழமாக இருக்கும் இடுப்புக் கிண்ணம் உங்களுக்குத் தட்டம் போலக் கிடக்கிறது. தொடை என்பின் பந்து அதில் நிற்காமல் மெல்ல மெல்ல மேலே நழுவியிருக்கும். செயற்கைக் கிண்ணத்தை எங்கே, எந்தச் சரிவில் பதிப்பது என்பதற்கு நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் அடையாளங்கள் இப்படிப்பட்ட மூட்டில் மாறிப்போயிருக்கும். கைதேர்ந்தவர்களுக்கே கண் ஏமாற்றும் இடம் இது.

ரோபோ உதவுவது இங்கேதான். முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துக் கணினியில் திட்டம் போடுவார்கள். சத்திரசிகிச்சையின்போது இடுப்பெலும்பில் சிறு ஊசிகளைப் பொருத்தி, எலும்பைப் பல இடங்களில் தொட்டுக் காட்டி, அதை ஸ்கேன் படத்தோடு பொருத்துவார்கள். பிறகு கிண்ணத்தைக் குடைவது ரோபோக் கையைப் பிடித்திருக்கும் வைத்தியர்தான். திட்டத்தை விட்டு விலகினால் அந்தக் கை விடாது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், வளர்ச்சி குறைந்த மூட்டுகளிலும் கிண்ணம் நினைத்த இடத்தில் அமைவது ரோபோவில்தான் அதிகம்.

ஆனால் நினைத்த இடம் சரியான இடமாக இருக்க வேண்டுமே! கிண்ணத்தைப் பதிக்க 1978இல் லெவினெக் என்ற ஆய்வாளரின் குழு சொன்ன 40 பாகைச் சரிவு, முன்பக்கமாக 15 பாகைத் திருப்பம், இரண்டிலும் 10 பாகை கூடக்குறைய என்ற கணக்கை இன்றும் பேசுகிறோம். அந்த எல்லைக்குள் வைத்த மூட்டுகளிலும் பந்து கிண்ணத்தை விட்டு நழுவியதுண்டு. தவறான திட்டத்தையும் ரோபோ அச்சொட்டாகவே செய்து முடிக்கும். கிண்ணம் துல்லியமாக அமைவதால் மூட்டு கூடுதல் காலம் உழைக்கும் என்பதும் இன்னும் நிரூபணமாகவில்லை.

உங்களுக்குக் கிண்ணம் மட்டும்தான் பிரச்சினை என்றில்லை. இந்த நிலையில் தொடை என்பின் உட்குழாய் ஒடுங்கி, அந்த என்பின் கழுத்துப் பகுதி முன்பக்கம் திரும்பியிருப்பது வழக்கம். காலை நீட்டும்போது பின்தொடை நரம்பும் இழுபடும். சுமார் 4 சென்ரிமீற்றருக்கு மேல் நீட்டப் பயப்படுவோம். தேவைப்பட்டால் தொடை என்பையே வெட்டிக் குறுக்குவோம். அது வைத்தியரின் கைவேலை. ஓர் அங்குலம் என்றால் அந்த அளவுக்குப் போகத் தேவை வராது என்று நினைக்கிறேன். ஆனாலும் நாடாவால் அளந்த கணக்கை நம்ப வேண்டாம், இடுப்புச் சரிவும் அதில் கலந்திருக்கும்.

அதனால் முதலில் யாழ். போதனா வைத்தியசாலை என்பு சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டி, எக்ஸ்ரேயில் சரியாக அளந்துகொள்ளுங்கள். அப்புறம் சென்னைக்குப் போவதானால், ரோபோ இருக்கிறதா என்று கேட்கும் முன், இப்படிப்பட்ட மூட்டுகள் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று அந்த வைத்தியரிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார்.

இன்னொன்று. இது குடும்பத்தில் வரக்கூடியது. உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், முதல் இரண்டு மாதத்துக்குள் இடுப்பை ஒருமுறை அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடுங்கள்.