நிதி திரட்டும் விழாவில் விற்க எளிதான கொரிய உணவுகள் எவை?

கல்லூரி விழாவில் ஸ்டால் போடுகிறீர்கள், பெரிதாகச் சமைத்துப் பழக்கமில்லை என்றால் குட்டி கிம்பாப்தான் (கடற்பாசித் தாளில் சோறும் காயும் வைத்துச் சுருட்டிய உருளை) என் முதல் தேர்வு. சியோலின் குவாங்ஜாங் சந்தையில் விரல் நீளத்துக்குச் சுருட்டிக் குவித்து விற்பார்களே, அதேதான். ஸ்டாலில் அடுப்பு வேண்டாம், துண்டுகளாக வெட்டவும் வேண்டாம்.

1 கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 60 உருளை வரும். கடற்பாசித் தாள் ஒன்றை நான்காக வெட்டிக்கொண்டால் 15 தாள் போதும். அரிசி, குட்டை ரக ஒட்டும் அரிசியாக இருக்க வேண்டும், பொன்னி உதிர்ந்துவிடும். அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, 1.1 லிட்டர் தண்ணீரில் வேகவிடுங்கள். வெந்ததும் ஒன்றரை டீஸ்பூன் உப்பு, 2 மேசைக்கரண்டி எள்ளெண்ணெய். இது வறுத்த எள்ளில் எடுத்த கொரிய எண்ணெய். நம் நல்லெண்ணெயில் அந்த வாசனை வராது. வினிகர் ஜப்பானியச் சோற்று உருளையான சுஷிக்குத்தான், இதற்கு இல்லை. அதனாலேயே இது சுஷியைவிடச் சீக்கிரம் கெடும்.

உள்ளே வதக்கிய கேரட், பசலைக்கீரை, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயான தன்முஜி. கீரையை அரை நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து ஒட்டப் பிழியுங்கள். ஈரம் நின்றால் தாள் நைந்து கிழியும். சோறு சுடச்சுட இருந்தாலும் ஆவியில் தாள் சுருங்கி, மெல்லவே முடியாத அளவுக்கு ஜவ்வாகிவிடும். கை பொறுக்கும் சூட்டில் பரப்புங்கள். தாளின் சொரசொரப்பான பக்கம் மேலே, ஓரத்தில் ஒரு விரல் இடம் சோறில்லாமல்.

தொட்டுக்கொள்ள: சோயா சாஸ் 3 பங்கு, தண்ணீர் 2, வினிகர் 1, சர்க்கரை 1, கொஞ்சம் கடுகு விழுது. பாதி விற்பனை இதனால்தான் நடக்கும்.

முந்தின நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், சோறு விறைத்துவிடும். காய்களை முந்தின நாள் தயார் செய்து குளிரவைக்கலாம். சுருட்டுவது அன்று காலைதான். வெயில் நாளில் சுருட்டிய 1 மணி நேரத்துக்குள் விற்றுவிடுங்கள்.

அடுப்புக்கு அனுமதி உண்டென்றால் தொக்பொக்கியும் (காரக் குழம்பில் வேகும், அரிசி மாவில் செய்த மெதுமெதுப்பான குச்சிகள்) வைக்கலாம். 1 கிலோ அரிசிக் கேக் (அந்த அரிசி மாவுக் குச்சிகள்தான்), 1.2 லிட்டர் தண்ணீர், கொச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது 6 மேசைக்கரண்டி, சர்க்கரை 4, சோயா சாஸ் 2: சிறிய கப்பில் 10 பேருக்கு வரும். வழக்கமாக நெத்திலி கொதிக்கவைத்த நீரை ஊற்றுவார்கள்; அதற்குப் பதில் கெல்ப் என்ற கடற்பாசியையும் காய்ந்த காளானையும் கொதிக்கவைத்த நீர் ஊற்றினால் சைவம். உறைந்த கேக்கை 20 நிமிடம் நீரில் போட்டுவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் கேக் விரிசல் விடும். அடுப்பிலேயே கிடந்தால் குழம்பு இறுகி அடிபிடிக்கும், இறக்கி ஆறவிட்டால் கேக் கட்டியாகும். ஆகவே மிகச் சிறு தீ, பக்கத்தில் சூடான நீர், ஒரு தடவைக்கு 1 கிலோ மட்டும்.

சர்க்கரை அடைத்துச் சுடும் ஹோத்தொக் அப்பத்தைப் பலர் சொல்வார்கள். கூட்டத்துக்குச் சரிப்படாது: ஒவ்வொன்றாக அழுத்திப் பொரிக்க வேண்டும், உள்ளே உருகிய சர்க்கரைப்பாகு குழந்தைகள் வாயைச் சுட்டுவிடும்.

எள், சோயா, கோதுமை இருப்பதை மேசையில் எழுதி வையுங்கள். பல கொச்சுஜாங் டப்பாக்களில் கோதுமை இருக்கும், பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.